சாமை, கம்பு, கேழ்வரகு: எங்கள் அரவைக்கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் சின்னதாக ஓர் அரவைக்கூடம் நடத்துகிறோம். மலையில் விளையும் சாமையை உமி நீக்கி அரிசியாக்குவதுதான் முக்கிய வேலை. கூடவே கேழ்வரகு, கம்பு மாவும் அரைக்கிறோம், மற்ற சிறுதானியங்களைத் தெரிந்த விவசாயிகளிடம் வாங்கி விற்கிறோம். நேரில் வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவசரத்தில் பாதி பதிலோடு அனுப்பிவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் இருந்திருக்கிறோம். அதனால் எல்லாவற்றையும் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறோம்.

சிறுதானியம் என்றால் எவையெல்லாம்?

கொஞ்சம் பெரிய மணியாக இருப்பவை சோளமும் கம்பும். அடுத்தது கேழ்வரகு. ராகி, கேப்பை, இலங்கையில் குரக்கன் என்று எல்லாம் இதற்குத்தான் பெயர். இன்னும் சிறிய மணிகள் தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு. இந்த ஐந்துக்கும் நெல்லைப் போலவே மேலே உமி உண்டு, அதை நீக்கினால்தான் சமைக்க முடியும். கேழ்வரகுக்கும் கம்புக்கும் அந்தத் தொல்லை இல்லை. கதிரடிக்கும்போதே உமி கழன்றுவிடும். கேழ்வரகை மேல்தோலோடு அப்படியே அரைத்துவிடலாம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாலிஷ் பற்றிய கேள்விக்கு இதுதான் அடிப்படை.

சோளமும் மக்காச்சோளமும் ஒன்றா?

இல்லை. நாட்டுச்சோளம் உருண்டையாக, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். செடியின் உச்சியில் கதிர் விடும். மக்காச்சோளம் தண்டின் பக்கவாட்டில் மட்டையோடு வரும் வேறு பயிர். கடையில் "சோள மாவு" என்று கேட்டால் பல இடங்களில் சூப்பில் கலக்கும் வெள்ளை மாவைத் தருவார்கள். அது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாவுச்சத்து, அதில் நார்ச்சத்தோ புரதமோ சொல்லும்படி இல்லை. ரொட்டிக்கோ பணியாரத்துக்கோ வாங்கப்போனால் "நாட்டுச்சோளம்" என்று சொல்லியே கேளுங்கள்.

அரிசி, கோதுமையைவிட உண்மையிலேயே சத்து அதிகமா?

எந்தத் தானியம், எந்தச் சத்து என்று பிரித்துப் பார்த்தால்தான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையிலிருந்து சில எண்களைப் பார்ப்போம். எல்லாம் 100 கிராம் சமைக்காத தானியத்துக்கு.

கால்சியத்தில் கேழ்வரகை மிஞ்ச வேறு தானியம் இல்லை: 364 மில்லிகிராம். வெள்ளை அரிசியில் 8 மில்லிகிராம்கூடத் தேறாது. பசும்பாலில் 120-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் கேழ்வரகில் ஃபைட்டேட், ஆக்சலேட் என்ற பொருள்களும் இருக்கின்றன. அவை கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், எண்ணில் இருப்பது முழுக்க உடம்பில் சேராது. அதனால் கேழ்வரகு சாப்பிடுகிறோமே, பால் மோர் எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள்.

இரும்புச்சத்தில் கம்பு முன்னால் நிற்கிறது: 6.4 மில்லிகிராம். வெள்ளை அரிசியில் 0.65. கம்பில் புரதமும் 11 கிராம் இருக்கிறது, அரிசியில் 8. அதே ஃபைட்டேட் இங்கேயும் குறுக்கே நிற்கும். அதற்கு நம் வீட்டுப் பழக்கத்திலேயே வழி இருக்கிறது: ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது. கம்பங்கூழை முதல் நாள் இரவு கரைத்துவைத்து மறுநாள் மோரும் மாங்காய்த் துண்டும் சேர்த்துக் குடிப்பது ருசிக்காக மட்டும் வந்த பழக்கம் என்று தோன்றவில்லை. புளிப்பதில் ஃபைட்டேட் குறையும், மாங்காயில் இருக்கும் வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கூழ் குடித்த கையோடு டீ குடித்தால் அந்தப் பலனில் பாதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

நார்ச்சத்தில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் 2.8 கிராம், சாமையில் 7.7, வரகில் 6.4, கேழ்வரகிலும் கம்பிலும் 11-ஐத் தாண்டி. முழுக் கோதுமை மாவிலும் 11-க்கு மேல்தான்! எனவே தவிட்டோடு அரைத்த கோதுமைச் சப்பாத்தி சாப்பிடுகிற வீட்டில் அதை நிறுத்திவிட்டுச் சாமைக்கு மாறினால் நார்ச்சத்து கூடாது. வெள்ளை அரிசிச் சோற்றில் ஒரு வேளையைக் குறைத்து அந்த இடத்தில் சாமையையோ வரகையோ வைத்தால் நிச்சயம் கூடும். சிறுதானியம் விற்கிற நாங்களே இதைச் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் எதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

பாலிஷ் போட்டது, போடாதது: எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிகவும் முக்கியமானது இது. கேட்காதவர்களுக்கும் நாங்களாகவே சொல்வது.

சாமை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பளபளப்பான, கண்ணாடி போன்ற உமி. அதை யாரும் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது. "உமியோடு சாப்பிட்டால்தான் சத்தாமே" என்று சிலர் கேட்கிறார்கள். கிடையாது. உமிக்குள்ளே மெல்லிய பழுப்புத் தோலாகத் தவிடு, ஒரு முனையில் முளைக்கரு, நடுவில் வெள்ளை மாவுப்பகுதி. நார்ச்சத்து, கொழுப்பு, பி வைட்டமின்கள், தாது உப்புகளில் பெரும்பங்கு அந்தத் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கின்றன.

உமி நீக்கும் இயந்திரத்தில் மணிகள் வேகமாகச் சுழற்றி வீசப்பட்டுச் சுவரில் மோதும். உமி வெடித்துக் கழலும், காற்று அதை ஊதித் தள்ளும். தவிடு பெரும்பாலும் அரிசியிலேயே ஒட்டியிருக்கும். இங்கேயே நிறுத்தினால் அது பாலிஷ் போடாத அரிசி. இதையே இன்னொரு இயந்திரத்தில் போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசவிட்டால் தவிடு உதிர்ந்து வெள்ளை வெளேரென்று வரும். பார்க்க அழகு, சீக்கிரம் வேகும், மாதக்கணக்கில் கெடாது, பூச்சியும் அவ்வளவு சுலபத்தில் அண்டாது. கடைக்காரருக்கு எல்லா வகையிலும் வசதி. சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஐந்து சிறுதானியங்களைத் தவிட்டோடும் தவிடு நீக்கியும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தவிடு போனதும் புரதம், நார்ச்சத்து, தாதுக்கள் குறைந்து மாவுச்சத்தின் பங்கு கூடியது. இரண்டு மடங்கு காசு கொடுத்துச் சாமை வாங்கி, அதுவும் வெள்ளை அரிசிபோல ஆகிவிட்டால் வாங்கியதற்கு என்ன பொருள்?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தவிடுள்ள சாமையும் குதிரைவாலியும் மங்கிய சாம்பல் பழுப்பாக, மணிக்கு மணி நிறம் கொஞ்சம் மாறி இருக்கும். வரகு அரிசி செம்பழுப்பாக இருக்கும். எல்லா மணியும் ஒரே சீராகப் பாலைப்போல வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். தினை மட்டும் ஏமாற்றும், தீட்டிய பிறகும் அதில் மஞ்சள் நிறம் இருக்கும். அடுத்தது, கையில் இறுக்கித் தேயுங்கள். தவிடுள்ள அரிசி லேசாக எண்ணெய்ப் பதமாக இருக்கும், நுண்ணிய பழுப்புத் தூள் ரேகையில் ஒட்டும். மணியின் ஒரு முனையில் புள்ளிபோல முளைக்கரு தெரியும், தீட்டிய மணியில் அந்த இடம் குழிந்து கிடக்கும். அப்புறம் வேகும் நேரம். ஊறவைக்காமலே பத்து நிமிடத்தில் குழைந்துவிட்டால் அதில் தவிடு மிச்சமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தவிடுள்ள அரிசியில் ஆங்காங்கே ஒன்றிரண்டு உமி கழலாத மணி கிடக்கத்தான் செய்யும். அதைக் குறையென்று திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு மணிகூட இல்லாமல் எடுக்கவேண்டும் என்றால் மறுபடி மறுபடி இயந்திரத்தில் விடவேண்டும், ஒவ்வொரு முறையும் தவிடு கொஞ்சம் போகும்.

தரத்துக்கு அரசு விதி ஏதாவது உண்டா?

உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் சிறுதானியங்களில் 15 வகைகளுக்குப் பொதுவான தர வரையறை வகுத்தது, 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஈரப்பதம், கல் மண் தூசி, வேறு தானியக் கலப்பு, பூச்சி அரித்த மணி, முதிராத சுருங்கிய மணி என்று ஒவ்வொன்றுக்கும் உச்ச வரம்பு உண்டு. அதில் யூரிக் அமிலமும் ஒன்று. தானியத்தில் அது எங்கிருந்து வரும் என்று யோசிக்கலாம். பூச்சியின் எச்சத்திலிருந்து வருவது. பூச்சி பிடித்த பழைய தானியத்தைப் புடைத்துச் சுத்தமாக்கிப் பையில் போட்டாலும் அந்த அளவு காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பு மாவு ஏன் கசக்கிறது?

எங்களுக்கும் பாடம் கற்றுக்கொடுத்த விஷயம் இது. அரவைக்கூடம் தொடங்கிய முதல் கோடையில், ஆர்டர் நிறைய வரும் என்று நம்பி ஒரே நாளில் 40 கிலோ கம்பு மாவு அரைத்து வைத்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டி பையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு சிட்டிகை மாவை எடுத்து எங்கள் கையில் வைத்து, "வாயில போட்டுப் பாரு" என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு நாக்கின் அடியில் கசந்தது. மிச்சமிருந்த மாவை முகர்ந்தால் எலி புழங்கிய மூலையின் வாடை. முழுவதையும் மாட்டுக்குப் போட்டோம். வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் காசு திருப்பிக் கொடுத்தோம்.

காரணம் இதுதான். தானியங்களில் கம்பில் கொழுப்பு அதிகம், 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல். முளைக்கரு பெரிது, கொழுப்பு அதில் இருக்கிறது. முழு மணியாக இருக்கும்வரை கொழுப்பும் அதைச் சிதைக்கும் லைப்பேஸ் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கும். அரைத்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன. அதோடு கம்பில் இருக்கும் சில நிறப்பொருள்களும் மாறித்தான் அந்த எலி வாடை வருகிறது. கோடையில் ஒரு வாரம், பத்து நாள்தான் கெடு.

எனவே கம்பைத் தானியமாகவே வாங்கி வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். அரைக்குமுன் வாணலியில் மணம் வரும்வரை வறுத்தால் நொதி பெருமளவு செயலிழக்கும், மாவு இன்னும் சில நாள் தாங்கும். அரைத்த மாவைக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. மூன்று மாதம் கெடாது என்று அச்சிட்ட கம்பு மாவைப் பார்த்தால், வெப்பத்தில் பதப்படுத்தியதா, முளைக்கரு நீக்கியதா என்று கேளுங்கள்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், தாராளமாக அல்ல. சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாது என்று நம்பி, சோற்றைவிட இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொள்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறோம். வெள்ளை அரிசியில் 100-க்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகு, சாமை, வரகு மூன்றிலும் 65-லிருந்து 67. குறைவுதான், ஆனால் இல்லாமல் போகவில்லை.

சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு கிளைசிமிக் குறியீடு என்ற அளவு உண்டு. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் தலைமையில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த கட்டுரையில் சிறுதானியங்களின் சராசரி 52.7 என்று வந்தது. தீட்டிய அரிசிக்கும் மைதாவுக்கும் 70-க்கு மேல். நல்ல செய்திதான். ஆனால் அது சராசரி, சமைக்கும் விதத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும். முழு மணியாக வடித்த சாமைச் சோறு மெதுவாகச் செரிக்கும். அதையே நைசாக மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சினால் செரிமானத்தின் பாதி வேலையை அடுப்பிலேயே முடித்துவிடுகிறோம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் ராகிக் கஞ்சி, அதில் நாட்டுச்சர்க்கரை வேறு. அதற்குப் பிறகு "மருந்து சாப்பிட்டும் குறையவில்லையே" என்று வருத்தப்படுகிறவர்களிடம் கஞ்சியை நிறுத்தச் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

தவிடுள்ள அரிசியாக, சோறாக, அளவோடு, தட்டில் பாதிக்குக் காய்கறியும் ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ வைத்துச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே சர்க்கரை அளவு பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

உடல் எடை குறையுமா?

கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அரிசி சுமார் 356, கம்பு 348, சாமை 346, கேழ்வரகு 321. நார்ச்சத்தால் வயிறு சீக்கிரம் நிறையும், அடுத்த பசி தாமதமாகும். அந்த வகையில் உதவும். நெய் சொட்டச் சொட்டத் தினை லட்டு சாப்பிட்டால் எடை குறையாது.

எந்த நோய்க்கு எந்தச் சிறுதானியம்?

இரண்டு நாளைக்கு வரகு, அடுத்த இரண்டு நாளைக்குச் சாமை, அந்த நோய்க்கு இது, இந்த நோய்க்கு அது என்று எழுதிய காகிதத்தோடு வருகிறார்கள். அப்படி நோய்க்கொன்றாகப் பிரிக்க ஊட்டச்சத்து அறிவியலில் ஆதாரம் எதுவும் கிடையாது. சில மாதங்களுக்கு முன் ஒருவர் புற்றுநோய் சிகிச்சையை நிறுத்திவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் அவருக்கு எதையும் விற்கவில்லை. உட்காரவைத்துப் பேசி, மருத்துவமனைக்குத் திரும்ப அழைத்துப்போகும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம். இது நல்ல உணவு. மருந்தின் இடத்தில் இதை வைக்காதீர்கள்.

தைராய்டு இருந்தால் கம்பு கூடாதாமே?

கம்பில் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கக்கூடிய ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள் இருப்பது உண்மை. கம்பையே கிட்டத்தட்ட ஒரே உணவாகக் கொண்ட, அயோடினும் போதாத சூடான் நாட்டுப் பகுதிகளில் கழுத்துக்கழலை அதிகம் இருந்ததை வைத்து இது ஆராயப்பட்டது. அயோடின் உப்பு போட்டுச் சமைத்து, வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் கூழ் குடிப்பவர் அந்த நிலைமையில் இல்லை. ஏற்கெனவே தைராய்டு குறைபாட்டுக்கு மருந்து எடுப்பவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அந்த மாத்திரையை விழுங்கிய உடனே கேழ்வரகுக் கஞ்சி குடிக்காதீர்கள். கால்சியமும் நாரும் மருந்து சேர்வதைக் குறைக்கும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேழ்வரகில் இருக்கும் ஆக்சலேட்டைக் கருதி அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்து உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் தாங்களாக எதையும் சேர்க்க வேண்டாம்.

வரகு மயக்கம் தருமா?

நல்ல வரகு தராது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, கதிரில் பூஞ்சை ஏறிய வரகு தரும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சால் தலைசுற்றல், வாந்தி, நடுக்கம் வரும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தபோது அவற்றின் உடலில் கண்டறியப்பட்டது இந்த நஞ்சுதான். பக்கத்து வயல்களில் பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை மேய்ந்திருந்தன.

அதற்காக வரகை ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்து, உமியோடு பத்திரமாக இருக்கும் வரகு வருஷக்கணக்கில் முளைப்புத்திறனோடு இருக்கும் என்று நம்பித்தானே கோபுரக் கலசத்தில் அதை நிரப்பி, 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கில் மாற்றுகிறார்கள். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். ஈர மண் வாடையோ, மணியில் கறுப்பு, பச்சைத் திட்டோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

குழந்தைக்கு எப்போதிருந்து, எப்படிக் கொடுப்பது?

ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகிலிருந்து தொடங்கலாம். பலரும் ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டி ராகிப்பால் காய்ச்சுகிறார்கள். ஆரம்ப நாள்களுக்குச் சரி. எட்டு மாதத்துக்குப் பிறகும் வடிகட்டிக்கொண்டே இருந்தால் சக்கையோடு சத்தும் போகிறது.

முளைகட்டிய மாவு அதைவிட நல்லது. கேழ்வரகைக் கழுவி ஒரு இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒருநாள், ஒன்றரை நாளில் பொடி முளை எட்டிப்பார்க்கும். நிழலில் உலர்த்தி, பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து, லேசாக வறுத்து அரையுங்கள். முளைக்கும்போது உருவாகும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி கெட்டிப்படாது. அதனால் சாதாரண மாவைவிடக் கூடுதலாகப் போட்டும் குழந்தை விழுங்கும் பதத்தில் நீர்க்க இருக்கும், சின்ன வயிற்றுக்குள் கூடுதல் உணவு போகும். துணி அழுக்காக இருந்தாலோ முளை பிசுபிசுத்தாலோ அந்தத் தடவை விட்டுவிடுங்கள், அடுத்த முறை செய்துகொள்ளலாம். ஒரு வயது ஆகும்வரை சர்க்கரை, தேன் எதுவும் சேர்க்காதீர்கள்.

சமைத்தால் கல் கடிக்கிறது, உதிரியாக வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

சிறுமணி என்பதால் அதே அளவில் இருக்கும் மணலைச் சல்லடையால் முழுக்கப் பிரிக்க முடியாது. இதற்குக் கல் அரிக்கத் தெரியவேண்டும். இரண்டு அகன்ற பாத்திரம் எடுங்கள். ஒன்றில் அரிசியைப் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டு, பாத்திரத்தை வட்டமாக அலசுங்கள். மணிகள் எழும்பி மிதக்கும் அந்த நொடியில் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குச் சாய்த்துவிடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி அலசல், மறுபடி சாய்ப்பு. கடைசியில் ஒரு பிடி அரிசி மட்டும் அடியில் நிற்கும்போது மெதுவாகச் சாய்த்தால் கல்லும் மண்ணும் ஒரு ஓரமாகக் கோடு போட்டதுபோல ஒதுங்கி நிற்கும். ஐந்து நிமிட வேலைதான், இரண்டு தடவை செய்தால் கை பழகிவிடும்.

சோற்றுக்கு, தவிடுள்ள சாமை, குதிரைவாலி, வரகு எதுவானாலும் குறைந்தது ஒரு மணி நேரம் ஊறட்டும். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், குக்கரில் இரண்டு மூன்று விசில். ஆவி அடங்கியதும் திறந்து, கிளறாமல் பத்து நிமிடம் விடுங்கள். சூடாக இருக்கும்போது கரண்டி போட்டால்தான் குழைகிறது. குதிரைவாலி வெண்பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அருமை. சாமை சாம்பார் சாதத்துக்கு. வரகு கொஞ்சம் கனமான சோறு, காரக்குழம்புக்கு நிற்கும்.

இட்லிக்கு நாலு பங்கு சாமை அல்லது வரகு, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கும், கோடையில் ஆறு மணி நேரத்தில் எட்டிப் பாருங்கள். முதலில் பாதி இட்லி அரிசி, பாதி சாமை என்று தொடங்கினால் வீட்டில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதுவரை சாப்பிடாதவர்கள் திடீரென்று மூன்று வேளையும் மாறினால் வயிறு உப்பும், மலச்சிக்கலும் வரும். வாரத்துக்கு மூன்று நாள் என்று தொடங்கி, தண்ணீரைக் கூட்டிக் குடியுங்கள்.

சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட், ஹெல்த் மிக்ஸ் வாங்கலாமா?

பையின் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் எழுதப்பட்டிருக்கும். மைதாவோ கோதுமையோ முதலில் வந்து, தினை 10 சதவீதம் என்று நடுவில் இருந்தால் அது மைதா நூடுல்ஸ்தான். மால்ட் என்ற பெயரில் வருவனவற்றில் முதலிடம் சர்க்கரைக்கு இருப்பதையும் பார்க்கலாம். இருபது தானியம், முப்பது தானியம் என்று எண்ணிக்கை சொல்லும் சத்துமாவில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுதாவிட்டால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. வீட்டிலேயே கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, கொஞ்சம் நிலக்கடலை வறுத்து அரைத்தால் அதைவிட நல்ல மாவு கிடைக்கும். தானியத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயறு ஈடுகட்டும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிடலாமா?

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுதானியம் எதிலும் இல்லை. ஆனால் பொது மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு உங்கள் பாத்திரத்திலும் வந்து விழும். குளூட்டன் பட்டாலே குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்குத் தொல்லை தர அதுவே போதும். வீட்டு மிக்ஸியில் அரைப்பதோ, கோதுமை நுழையாத இடத்தில் வாங்குவதோதான் பாதுகாப்பு.

எவ்வளவு நாள் வைக்கலாம்?

உமியோடு இருக்கும் சாமை, வரகு, தினை எல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கேழ்வரகும் அப்படியே. உமி நீக்கிய தவிடுள்ள அரிசி இரண்டு மாதம், மழைக்காலத்தில் இன்னும் குறைவு. காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ போட்டு வையுங்கள். ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். வண்டு வந்துவிட்டால் வெயிலில் காயப்போட்டுப் புடைத்துப் பயன்படுத்தலாம். சிக்கு வாடை வந்துவிட்டால் காயவைத்துப் பயனில்லை.

ஏழைகளின் உணவு என்றார்களே, இப்போது ஏன் இவ்வளவு விலை?

இந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தம் எங்களுக்கும் உண்டு. சாமை மலைச்சரிவில் மழையை மட்டும் நம்பி விளைவது. மகசூல் குறைவு. 100 கிலோ சாமையை இயந்திரத்தில் விட்டால் 60-லிருந்து 70 கிலோ அரிசிதான் வரும், வரகில் இன்னும் குறையும். இயந்திரம் வருவதற்கு முன் பெண்கள் திரிகையிலும் உரலிலும் மணிக்கணக்காகப் பாடுபட்டுத்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுத்தார்கள். கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறியதற்கு அந்த உடல்நோவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மகளிர் குழுக்களுக்கு உமி நீக்கும் இயந்திரம் கிடைக்கச் செய்ததை நாங்கள் பெரிய காரியமாக நினைக்கிறோம். 2018-இல் இந்தியாவும் 2023-இல் ஐ.நா. சபையும் சிறுதானிய ஆண்டு கொண்டாடியபிறகு நகரத்தில் தேவை ஏறியது, விலையும் ஏறியது. அந்த உயர்வு விளைவித்தவர் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று மலைக்கு மேலே போகும்போதெல்லாம் கேட்கிறோம், பதில் மகிழ்ச்சியாக இருப்பதில்லை.

கட்டுப்படியாகும் வழி இருக்கிறது. உமி நீக்க வேண்டாத கேழ்வரகும் கம்பும் நாட்டுச்சோளமும் இப்போதும் விலை குறைவுதான், சத்திலும் அவைதான் முன்னால் நிற்கின்றன. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 மே மாதம் முதல் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் விடாமல் வாங்குங்கள். சாமைதான் வேண்டும் என்றால் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். புதுச் சாமை மலையிலிருந்து இறங்கும் மாதங்கள் அவை. நாலைந்து வீடு சேர்ந்து உமியோடு ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொண்டால், மாதம் ஒருமுறை கொண்டுவந்து கொடுங்கள், வேண்டிய அளவு மட்டும் உமி நீக்கித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் காலை ஒன்பது மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும்.